லைப்ரரி நம்பரை எப்ப மாத்தணும்? ரிலீஸுக்கு அப்புறம் உடையிறத அறிகுறி வச்சுப் பிடிக்கிற வழி

நாங்க சில பேரு சேந்து மண்டபம், பாம்பன் பக்கம் படகுல வைக்கிற சின்னப் பெட்டிக்கு சாஃப்ட்வேர் எழுதுறோம். உள்ள இருக்குறது ராஸ்பெரி பைங்குற சின்ன கம்ப்யூட்டர். ஜிபிஎஸ்ஸும் ஆழம் அளக்குற எக்கோ சவுண்டரும் அனுப்புற என்எம்இஏ 0183 (கடல் கருவிக பேசிக்கிற முறை) வரிகளப் படிச்சுக் குடுக்க ஒரு சி லைப்ரரி, அதாவது பல ப்ரோக்ராம் பொதுவா எடுத்துக்குற கோடு, அதுக்கு மேல மேப் காட்டுற ப்ரோக்ராம், எல்லைக்கோடு கிட்ட வந்தா அலாரம் அடிக்கிற ப்ரோக்ராம், ஆழம் காட்டுற ப்ரோக்ராம்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஆளு எழுதுனது. லைப்ரரிக்கு இங்க லிப்கடல்னு பேரு வச்சுக்குவோம். லைப்ரரிய ஒருத்தர் புதுசாக்குவாரு, மத்த ப்ரோக்ராமெல்லாம் முன்னாடி எப்பவோ கம்பைல் பண்ணி மெசின் ஓட்டுற வடிவத்துக்கு மாத்துன பைனரியாவே பெட்டியில கெடக்கும், இந்த இடத்துலதான் வெர்ஷன் நம்பர் முக்கியமாகுது. கரையில மேசை மேல ஒரு ப்ரோக்ராம் விழுந்தா திருப்பி ஓட்டிக்கலாம். பாக் விரிகுடால ராத்திரி, போன்ல டவர் இல்லாத இடத்துல அலாரம் விழுந்தா படகு எந்தப் பக்கம் நிக்குதுன்னே தெரியாது, 1974லயும் 1976லயும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தத்துல போட்ட கோடு தண்ணி மேல தெரியப் போறதில்ல. அதனால இந்த நம்பர் விசயத்துல நான் ரொம்பக் கண்டிப்பா இருப்பேன், நீங்களும் இருங்க.

எந்த அறிகுறியா இருந்தாலும் மொதல்ல இதப் பாருங்க

ஒரு ஷேர்டு லைப்ரரிக்கு டிஸ்க்குல மூணு பேரு இருக்கும். நெசமான ஃபைல் லிப்கடல்.எஸ்ஓ.1.4.2. அந்த ஃபைலுக்குள்ளயே எழுதி வச்சிருக்குற பேரு லிப்கடல்.எஸ்ஓ.1, இதத்தான் சோநேம்னு சொல்றோம். மூணாவது, நம்பரே இல்லாத லிப்கடல்.எஸ்ஓ, இது கம்பைல் பண்றப்ப ப்ரோக்ராமையும் லைப்ரரியையும் கோக்குற லிங்கர் தேடுறதுக்கு மட்டும். ப்ரோக்ராம லிங்க் பண்றப்ப லிங்கர் அந்த சோநேம எடுத்து ப்ரோக்ராமுக்குள்ள 'நீடட்'னு பதிஞ்சு வச்சிரும். ஓடுறப்ப லைப்ரரிய மெமரியில ஏத்துற லோடர் தேடுறது அந்தப் பேரத்தான், பின்னாடி வர்ற .4.2 எல்லாம் அதுக்கு கணக்கே இல்ல.

அதனால ரீட்எல்ஃப் கமாண்டுக்கு மைனஸ் டி போட்டு ரெண்டு பக்கமும் பாருங்க. லைப்ரரி ஃபைல்ல 'சோநேம்' வரி, ப்ரோக்ராம்ல 'நீடட்' வரி. ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் மேல போங்க. இதப் பாக்காம லிங்க் போடுறது, ரீஇன்ஸ்டால் பண்றதுன்னு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுனா சாயங்காலம் வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

முடிவு எடுக்குறதுக்கு ஒரே கேள்விதான் இருக்கு. போன ரிலீஸ வச்சு கம்பைல் பண்ணுன பைனரி, மறுபடி கம்பைல் பண்ணாம, புது லைப்ரரியோட சரியா ஓடுமா? ஓடும்னா சோநேம் அப்படியே இருக்கணும், ஓடாதுன்னா மாத்தியே ஆகணும். எம்புட்டு வேலை செஞ்சோம், உள்ள எத்தன ஃபைல திருத்தி எழுதுனோம், ரிலீஸுக்கு 2.0ன்னு பேரு வச்சோமா இல்லையா, இதெல்லாம் இந்தக் கேள்விக்குள்ள வராது. உள்ளுக்குள்ள முழுசா மாத்தி எழுதியும் சோநேம் மாறாம இருக்கலாம், ஒரே ஒரு வரி மாத்தி சோநேம் மாத்த வேண்டியும் வரலாம்.

அறிகுறி: ப்ரோக்ராம் ஆரம்பிக்கவே இல்ல, 'கேனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்'னு சொல்லுது

லோடர் தேடுன பேருல ஃபைல் இல்ல, அவ்வளவுதான். ஏன் இல்லங்குறதுக்கு மூணு நாலு காரணம் இருக்கு.

ஃபைல் இருக்கு ஆனா லோடருக்குத் தெரியலங்குறது சுலபமானது. /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் உள்ள கொண்டு போயி போட்டுட்டு எல்டிகான்ஃபிக் ஓட்டாம விட்டிருப்பீங்க. எல்டிகான்ஃபிக் ஓட்டுனா அது ஃபைலுக்குள்ள இருக்குற சோநேமப் படிச்சு அந்தப் பேருல லிங்க்க தானே போட்டுக்கும், கேஷையும் புதுப்பிச்சிரும். அப்படியும் வரலைன்னா அந்த ஃபோல்டர் லோடர் தேடுற பட்டியல்ல இருக்கான்னு பாருங்க, எல்டி டீபக் வேரியபிளுக்கு 'லிப்ஸ்'னு குடுத்து ப்ரோக்ராம ஓட்டுனா எங்கெங்க தேடுதுன்னு வரி வரியா சொல்லும்.

அடிக்கடி வர்ற சிக்கல் வேற. சோநேம் தேவையே இல்லாம மாறியிருக்கும். பழைய ப்ரோக்ராம் லிப்கடல்.எஸ்ஓ.1.4.1 வேணும்னு கேக்கும், புதுசுல 1.4.2 தான் இருக்கும். ஏன் அப்படி முழு நம்பரையும் கேக்குதுன்னா, சிமேக்ங்குற பில்ட் டூல்ல 'வெர்ஷன்' மட்டும் குடுத்துட்டு 'எஸ்ஓவெர்ஷன்' குடுக்காம விட்டா சிமேக் ரெண்டும் ஒண்ணுதான்னு எடுத்துக்கும், சோநேமே முழு நம்பரோட லிப்கடல்.எஸ்ஓ.1.4.1னு ஆயிரும். ஒரு எழுத்துப்பிழை திருத்தி ரிலீஸ் விட்டாக்கூட எல்லா ப்ரோக்ராமும் உடையும். ரெண்டையும் தனித்தனியா குடுங்க, எஸ்ஓவெர்ஷனுக்கு வெறும் 1. ரெண்டுமே குடுக்கலைன்னா சோநேம்ல நம்பரே இருக்காது, அது இதவிட மோசம், ஏன்னா எது உடஞ்சாலும் லோடர் தடுக்காது.

இல்ல, சோநேம் நியாயமாத்தான் 1லேருந்து 2க்குப் போயிருக்குன்னா அப்ப தப்பு லைப்ரரியில இல்ல. பழைய லைப்ரரிய தூக்கிட்டு புதுச போட்டதுதான் தப்பு. சோநேம் வேற வேறயா இருந்தா ரெண்டு ஃபைலும் ஒரே ஃபோல்டர்ல சண்டையில்லாம இருக்கும், அதுக்குத்தான் டெபியன்ங்குற லினக்ஸ்ல பேக்கேஜ் பேருலயே நம்பர சேத்து லிப்கடல்1, லிப்கடல்2ன்னு வைக்கிறாக. ரெண்டையும் வச்சிருங்க, பழைய ப்ரோக்ராம் எல்லாம் புதுசுக்கு மாறுற வரைக்கும்.

இந்த இடத்துல ஒண்ணு செய்யவே கூடாது. லிப்கடல்.எஸ்ஓ.2வ எஸ்ஓ.1ங்குற பேருல லிங்க் போட்டு 'ஓடுது பாருண்ணே'ன்னு காட்டுறது. ஓபன்எஸ்எஸ்எல்ங்குற என்க்ரிப்ஷன் லைப்ரரிக்கு 2021 செப்டம்பர்ல 3.0 வந்தப்ப நெறைய பேரு இதச் செஞ்சு பாத்தாக, லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3ய 1.1ன்னு லிங்க் போட்டாலும் அது 'ஓபன்எஸ்எஸ்எல் 1_1_0 வெர்ஷன் நாட் ஃபவுண்ட்'னு அங்கயே நின்னுரும், ஏன்னா அந்த லைப்ரரியில ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் வெர்ஷன் ஒட்டியிருக்கு. நம்மள மாதிரி சின்ன லைப்ரரியில அந்தப் பாதுகாப்பு இருக்காது. லிங்க் போட்டா ஓட ஆரம்பிச்சிரும், உள்ள என்ன நடக்குதுன்னு கீழ வர்ற அறிகுறிகள்ல பாருங்க.

அறிகுறி: நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு 'சிம்பல் லுக்அப் எரர், அன்டிஃபைன்ட் சிம்பல்'னு செத்துருச்சு

லைப்ரரியில இருந்த ஒரு ஃபங்ஷன் காணாமப் போயிருக்கு, இல்லைன்னா ப்ரோக்ராம் லைப்ரரிய விட புதுசு. எதுன்னு பிரிச்சுப் பாக்கணும், ஏன்னா ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

என்எம் கமாண்டுக்கு மைனஸ் பெரிய டி போட்டு பழைய லைப்ரரி, புது லைப்ரரி ரெண்டுலயும் அந்தப் பேரத் தேடுங்க. பழசுல இருந்து புதுசுல இல்லைன்னா, ஃபங்ஷன எடுத்துட்டு சோநேம மாத்தாம ரிலீஸ் விட்டிருக்காக. உடனே அந்த ஃபங்ஷன திருப்பி வச்சு இன்னொரு ரிலீஸ் விடணும், அந்த ஃபங்ஷன எடுத்தே ஆகணும்னா சோநேம் 2ன்னு மாத்தி விடணும். 'அத யாரும் யூஸ் பண்ணல'ன்னு சொல்றத நான் ஏத்துக்குறதில்ல. மத்தவங்க பாத்து எழுதுற ஹெடர் ஃபைல்ல போட்டு வெளிய குடுத்தாச்சுன்னா யாரு எங்க உக்காந்து யூஸ் பண்றாகன்னு நமக்கு எப்படித் தெரியும்?

பழசுல இல்லாம புதுசுல மட்டும் இருந்தா, ப்ரோக்ராம புது லைப்ரரிய வச்சு கம்பைல் பண்ணிட்டு பழைய லைப்ரரி இருக்குற பெட்டியில போட்டிருக்கீங்க. சோநேம் ரெண்டுலயும் 1 தான், அது சரிதான், புதுசா ஃபங்ஷன் சேத்தா சோநேம் மாறக்கூடாது. பேக்கேஜ்ல 'லிப்கடல்1, குறைஞ்சது 1.4'ன்னு எழுதியிருக்கணும், அதத்தான் விட்டிருக்கீங்க.

ஏன் கொஞ்ச நேரம் கழிச்சு சாகுதுங்குறது முக்கியம். லோடர் பல இடத்துல ஃபங்ஷன ஆரம்பத்துலயே தேடாது, மொத தடவ கூப்பிடுறப்பதான் தேடும். அலாரம் அடிக்கிற ஃபங்ஷன் காணாமப் போயிருந்தா, பெட்டி கரையில நல்லா ஓடும், ஜெட்டியில சம்மாட்டி (படகு முதலாளி) முன்னாடி ஓட்டிக் காட்டுறப்ப நல்லா ஓடும், கோடு கிட்ட போயி அலாரம் அடிக்கணும்ங்குற அந்த நிமிசத்துலதான் சாகும். எனக்கு இதுல இருக்குற பயம் வேற எதுலயும் இல்ல. அதனால டெஸ்ட் பண்றப்ப 'எல்டி பைண்ட் நவ்' வேரியபிள 1ன்னு வச்சு ஓட்டுங்க, எல்லாத்தையும் ஆரம்பத்துலயே தேடிப் பாத்து அங்கயே சொல்லிரும். கடலுக்குப் போற பைனரிகள நான் லிங்க் பண்றப்பவே அந்த 'நவ்' ஆப்ஷனப் போட்டுத்தான் கட்டுவேன், சாகுறதுன்னா ஜெட்டியிலயே சாகட்டும்.

காணாமப் போன பேருக்குள்ள 'சிஎக்ஸ்எக்ஸ்11'னு இருந்தா அது சி++ விவகாரம், 2015ல ஜிசிசி 5 வந்தப்ப ஸ்ட்ரிங் டைப்போட உள்ளமைப்பு மாறுனது. லைப்ரரியையும் ப்ரோக்ராமையும் ஒரே மாதிரி செட்டிங்ல கம்பைல் பண்ணுங்க, தீந்துரும்.

அறிகுறி: எரரே இல்ல, ஆனா திடீர்னு செக்மென்டேஷன் ஃபால்ட், இல்லாட்டி மேப்ல படகு எங்கயோ நிக்குது

இதுதான் இருக்குறதுலயே பெரிய விசயம், நிதானமா படிங்க.

லிப்கடல்ல இடம் சொல்ற ஒரு ஸ்ட்ரக்ட் (பல மதிப்ப வரிசையா ஒண்ணா வைக்கிற கட்டு) இருக்கு, மொதல்ல அட்சரேகை, அப்புறம் தீர்க்கரேகை, அப்புறம் நேரம், மூணும் எட்டு எட்டு பைட், மொத்தம் 24. யாரோ 'வேகமும் இருந்தா நல்லாருக்கும்'னு நெனச்சு அட்சரேகைக்கு அடுத்து வேகத்தச் சேத்துட்டாரு. ஃபங்ஷன் பேரெல்லாம் அப்படியே இருக்கு, லோடர் ஒண்ணும் சொல்லாது, என்எம்ல பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா பழைய மேப் ப்ரோக்ராம் ரெண்டாவது எட்டு பைட்ட தீர்க்கரேகைன்னு நெனச்சுத்தான் படிக்கும். பாம்பன் கிட்டத்தட்ட 9.28 வடக்கு, 79.2 கிழக்கு. படகு 6 நாட் வேகத்துல போகுதுன்னா பழைய ப்ரோக்ராம் படிக்கிறது 9.28 வடக்கு, 6 கிழக்கு, அது நைஜீரியா. அம்புட்டு தூரம் தப்பாத் தெரிஞ்சா கூட டிரைவர் 'பெட்டி கெட்டுப்போச்சு'ன்னு அமத்தி வச்சிருவாரு, பரவாயில்ல. அலாரம் ப்ரோக்ராமுக்கு மேப் கிடையாது. அது எல்லைக்கோட்டுலேருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு சத்தமில்லாம உக்காந்திருக்கும்.

சரி, நடுவுல சேக்காம கடைசியில சேத்தா ஆகாதான்னு எல்லாரும் கேப்பாக. ஸ்ட்ரக்ட்டுக்கு இடம் ஒதுக்குறது யாருங்குறதப் பொறுத்தது. ப்ரோக்ராம் தன்னோட ஸ்டாக்ல 24 பைட் ஒதுக்கி அதோட அட்ரஸ லைப்ரரிக்குக் குடுத்தா, புது லைப்ரரி 32 பைட் எழுதும், அந்த மிச்ச 8 பைட் வேற எது மேலயோ போயி விழும். 'ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்'னு வந்தா இதான். ஸ்ட்ரக்ட்ட வரிசையா அர்ரேயில வச்சிருந்தா ரெண்டாவதுலேருந்து எல்லாமே நகந்து போயிரும். ஆக கடைசியில சேத்தாலும் சோநேம் மாறணும்.

இதுலேருந்து நெரந்தரமா தப்பிக்கணும்னா ஸ்ட்ரக்ட்டோட உள்ள இருக்குறத ஹெடர்ல காட்டவே காட்டாதீங்க. வெறும் பாயின்டர மட்டும் குடுங்க, உருவாக்க ஒரு ஃபங்ஷன், அழிக்க ஒரு ஃபங்ஷன், அட்சரேகை கேக்க ஒண்ணு, தீர்க்கரேகை கேக்க ஒண்ணு. அப்ப உள்ள எத்தன வேணும்னாலும் சேத்துக்கலாம், சோநேம் அசையாது. மொத ரிலீஸுலயே இதச் செஞ்சுட்டா பின்னாடி வர்ற பல பஞ்சாயத்து வராது.

ஈனமும் (enum, பேருக்கு நம்பர் குடுத்து வைக்கிற பட்டியல்) இதே கதைதான். காத்துக்கு ஒரு ஈனம் வச்சிருக்கோம்னு வைங்க, வாடை 0, கொண்டல் 1, சோழகம் 2, கச்சான் 3. நம்ம பக்கம் தென்மேற்குக் காத்துக்கு தனியா பேரு இருக்கேன்னு ஒருத்தர் சோழகத்துக்கும் கச்சானுக்கும் நடுவுல சோழகக்கச்சான சேத்தா, அது 3 ஆயிரும், கச்சான் 4க்குப் போயிரும். பழைய பைனரிக்குள்ள 3ன்னா கச்சான்னு பதிஞ்சு போச்சு, புது லைப்ரரி தென்மேற்க அனுப்புனா அது மேற்குன்னு காட்டும், நெசமான கச்சான் அடிச்சா 4ன்னா என்னன்னே தெரியாம முழிக்கும். கடைசியில சேத்து 4ன்னு நம்பர் குடுத்திருந்தா பழைய நாலும் அப்படியே இருந்திருக்கும். அப்பவும் பழைய ப்ரோக்ராம் தெரியாத நம்பர் வந்தா என்ன செய்யும்னு ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுத்தான் 'சோநேம் மாத்த வேணாம்'னு சொல்லணும்.

ஃபங்ஷனுக்குக் குடுக்குற டைப்ப இன்ட்லேருந்து டபுளுக்கு மாத்துறது, ஆர்க்யுமென்ட் ஒண்ணு கூட்டுறது, சி++ கிளாஸ்ல நடுவுல ஒரு விர்ச்சுவல் ஃபங்ஷன் சேக்குறது, எல்லாமே இந்த வகைதான். சி லைப்ரரியில ஆர்க்யுமென்ட் மாறுனாலும் சிம்பல் பேரு மாறாது, அதனால லோடருக்குத் தெரியாது.

32 பிட் பெட்டி வச்சிருக்குறவங்களுக்கு ஒரு விசயம் கூடுதலா. நேரத்த டைம்_டீ டைப்புல ஹெடர்ல வெளிய காட்டியிருந்தா, பழைய 32 பிட் டைம்_டீ 2038 ஜனவரி 19ஓட முடியுது. அத 64 பிட்டா மாத்தி கம்பைல் பண்ணுனா லைப்ரரியில ஒரு வரி கூட நீங்க மாத்தல, ஆனா பைனரி இன்டர்ஃபேஸ், அதாவது கம்பைல் ஆன ப்ரோக்ராமும் லைப்ரரியும் பேசிக்கிற ஏற்பாடு, மாறிருச்சு. டெபியன் 2024ல 32 பிட் ஏஆர்எம்முக்கு இந்த மாத்தத்தச் செஞ்சப்ப சோநேம தொடாம பேக்கேஜ் பேருகளோட கடைசியில டீ64ன்னு சேத்தாக, ஊர்ப்பட்ட லைப்ரரி ஒரே நேரத்துல மாறணும்ங்குறதால அவங்களுக்கு அது சரி. தனியா ஒரு லைப்ரரி வச்சிருக்குற நாம சோநேம மாத்துறதுதான் ஒழுங்கு.

அறிகுறி: ஓடுது, விழல, நம்பரும் நம்புற மாதிரி இருக்கு, ஆனா தப்பு

கடல்_ஆழம்னு ஒரு ஃபங்ஷன், டபுள் திருப்பிக் குடுக்கும். இதுவரைக்கும் பாகத்துல (ஃபேதம்) குடுத்துச்சு, நம்ம ஆளுக பாகக் கணக்குலதான ஆழம் பேசுறாக. புது ரிலீஸுல 'எல்லாம் மீட்டர்ல இருக்கட்டும்'னு முடிவு பண்ணி உள்ள 1.8288ஆல பெருக்கிட்டாக. பேரு அதே, டைப் அதே. 5 பாகம் தண்ணியில பழைய ப்ரோக்ராம் இப்ப 9.1 பாகம்னு காட்டும். பாக் விரிகுடா மாதிரி ஆழம் கம்மியான கடல்ல, மன்னார் வளைகுடா தீவுகள சுத்தி இருக்குற பவளப்பார் பக்கத்துல, இது சாதாரண தப்பு இல்ல.

எந்த டூலும் இதக் கண்டுபிடிக்காது. ஹெடர்ல இருக்குற கமென்ட் மாறுதான்னு மனுசன்தான் பாக்கணும். அர்த்தம் மாறுனா இன்டர்ஃபேஸ் மாறிருச்சுன்னுதான் கணக்கு. இதுக்கு சோநேம் மாத்துறத விட நல்ல வழி, பழைய ஃபங்ஷன தொடாம விட்டுட்டு கடல்_ஆழம்_மீட்டர்னு புதுசா ஒண்ணு சேக்குறது. பழசு பாகத்துலயே குடுத்துக்கிட்டு இருக்கட்டும், யாருக்கும் எதுவும் உடையாது, சோநேமும் மாற வேணாம்.

அறிகுறி: 'ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்'

ஜிலிப்சிங்குறது லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரி, உங்க லைப்ரரி நம்பருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. டெபியன் 12ல ஜிலிப்சி 2.36, டெபியன் 11ல 2.31. புது மெசின்ல கட்டி பழைய பெட்டியில போட்டா இப்படித்தான் சொல்லும். எந்தப் பெட்டி எல்லாத்தையும் விட பழசோ அந்த வெர்ஷன்ல கம்பைல் பண்ணுங்க. ஜிலிப்சியோட சோநேம் 1997லேருந்து லிப்சி.எஸ்ஓ.6 தான், ஃபங்ஷன் ஃபங்ஷனா வெர்ஷன் ஒட்டி அத அசையாம வச்சிருக்காக.

அறிகுறி: அப்டேட் போட்ட அதே நொடியில, ஓடிக்கிட்டிருந்த ப்ரோக்ராம் விழுந்துச்சு, ரீஸ்டார்ட் பண்ணுனா சரியாயிருச்சு

பழைய .எஸ்ஓ ஃபைல் மேலயே சிபி கமாண்டால காப்பி பண்ணியிருப்பீங்க. ஓடுற ப்ரோக்ராம் அந்த ஃபைல மெமரியில மேப் பண்ணி வச்சிருக்கு, அதுக்கு அடியில பைட்ட மாத்துனா விழத்தான் செய்யும். வேற பேருல காப்பி பண்ணி எம்வியால மாத்துங்க, இல்லாட்டி இன்ஸ்டால் கமாண்ட யூஸ் பண்ணுங்க. இதுக்காக நம்பர மாத்தப் போயிராதீங்க.

அறிகுறி: லிப்டூல்ல குடுத்த நம்பர் ஒண்ணு, வந்த ஃபைல் நம்பர் வேற

லைப்ரரி கட்டிக் குடுக்குற டூலான லிப்டூல் கேக்குற மூணு நம்பரும் ரிலீஸ் நம்பர் கிடையாது. கரன்ட், ரிவிஷன், ஏஜ். கரன்ட்ங்குறது இப்ப இருக்குற இன்டர்ஃபேஸோட வரிசை எண், ஏஜ்ங்குறது அதுக்கு முன்னாடி எத்தன இன்டர்ஃபேஸ் வரைக்கும் இன்னும் ஒத்துப்போகுதுங்குறது, ரிவிஷன் அதே இன்டர்ஃபேஸுக்குள்ள எத்தனாவது திருத்தம்ங்குறது. லினக்ஸ்ல சோநேம்ல வர்றது கரன்ட்லேருந்து ஏஜ கழிச்சது, ஃபைல் பேருல அதுக்கப்புறம் ஏஜ், அப்புறம் ரிவிஷன்.

வரிசையா பாத்தா புரிஞ்சிரும். மொத ரிலீஸ் 0:0:0, ஃபைல் .எஸ்ஓ.0.0.0. பக் திருத்தம் மட்டும்னா 0:1:0, ஃபைல் 0.0.1. புதுசா ஃபங்ஷன் சேத்தீங்க, பழசு எதையும் தொடல, அப்ப கரன்ட் ஒண்ணு கூடும், ரிவிஷன் சைபர், ஏஜ் ஒண்ணு கூடும், 1:0:1, ஃபைல் 0.1.0, சோநேம் இன்னும் 0. திரும்பவும் ஒரு ஃபங்ஷன் சேத்தா 2:0:2, ஃபைல் 0.2.0. இப்ப ஒரு ஃபங்ஷன எடுக்குறீங்க, இல்ல ஸ்ட்ரக்ட்ட மாத்துறீங்க, கரன்ட் 3, ரிவிஷன் 0, ஏஜ் 0, அதாவது 3:0:0, ஃபைல் .எஸ்ஓ.3.0.0. சோநேம் 0லேருந்து நேரா 3க்குத் தாவுதேன்னு பதறாதீங்க, 1ம் 2ம் எங்க போச்சுன்னு தேட வேணாம், லிப்டூல்ல அது அப்படித்தான். பழச விட வேறயா இருந்தா போதும்.

ரிலீஸ் நம்பர அப்படியே இதுல போடுறவங்களுக்கு என்ன ஆகும்னா, ரிலீஸ் 2.4.1ன்னு 2:4:1 குடுத்தா சோநேம் 1 வரும். அடுத்த ரிலீஸ் 2.5.0ன்னு 2:5:0 குடுத்தா சோநேம் 2 ஆயிரும், உள்ள ஒண்ணுமே உடையலைன்னாலும் எல்லா ப்ரோக்ராமும் நின்னுரும். 1.0.3ன்னு 1:0:3 குடுத்தா கரன்ட விட ஏஜ் பெருசுன்னு லிப்டூலே திட்டி நிறுத்திரும், அப்படி நிறுத்துறது நல்லதுதான்.

கமிட்டுக்குக் கமிட்டு இந்த நம்பரத் தொடாதீங்க. வெளிய விடுறதுக்கு முன்னாடி, கடைசி ரிலீஸையும் இப்ப இருக்குறதையும் ஒப்பிட்டு ஒரே ஒரு தடவ மாத்துங்க. நடுவுல எத்தன தடவ உடச்சு எத்தன தடவ ஒட்டுனீங்கங்குறது வெளிய இருக்குற பைனரிக்குத் தெரியாது.

ரிலீஸ் அன்னைக்கு பாக்குறது

லிப்அபிகெயில்ல வர்ற, ரெண்டு லைப்ரரியோட பைனரி இன்டர்ஃபேஸ ஒப்பிடுற அபிடிஃப் டூல பழைய ஃபைல், புது ஃபைல் ரெண்டுக்கும் நடுவுல ஓட்டுங்க. டீபக் தகவலோட, மைனஸ் ஜி போட்டு கம்பைல் பண்ணியிருக்கணும், இல்லைன்னா ஸ்ட்ரக்ட் உள்ள போயி பாக்க முடியாது. அது திருப்பிக் குடுக்குற எக்ஸிட் கோட் 0ன்னா மாத்தமில்ல, 4ன்னா மாத்தம் இருக்கு நீங்க படிச்சுப் பாக்கணும், 12ன்னா ஒத்தே போகாத மாத்தம், சோநேம் மாத்தாம ரிலீஸ் விடக்கூடாது. அதுக்கப்புறம் போன ரிலீஸுல கட்டுன பைனரிகள ஒரு பெட்டியில அப்படியே எடுத்து வச்சிருந்து, புது லைப்ரரிய மட்டும் மாத்தி ஓட்டிப் பாருங்க, பைண்ட் நவ் போட்டு. டூல் சொல்றத விட இந்தப் பெட்டி சொல்றத நான் நம்புவேன், பாகம் மீட்டர் மாதிரி விசயம் இதுலதான் மாட்டும்.

உள்ளுக்குள்ள மட்டும் யூஸ் பண்ற ஃபங்ஷன் எல்லாம் வெளிய தெரியிற மாதிரி இருந்தா அபிடிஃப் சும்மா சும்மா கத்தும். கம்பைல் பண்றப்ப விசிபிலிட்டிய 'ஹிடன்'னு வச்சு, வெளிய குடுக்க வேண்டியத மட்டும் தொறந்து விடுங்க. தொறந்து விட்டது எல்லாமே நீங்க காப்பாத்த வேண்டியதுதான்.

சோநேம் மாத்தியே ஆகணும்னு முடிவாயிருச்சா

எப்ப மாத்துறதுங்குறதும் ஒரு முடிவு. நாங்க ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துலதான் செய்வோம், விசைப்படகு எல்லாம் கரையில நிக்கும், பெட்டிய கழட்டிக் கொண்டாந்து எல்லா ப்ரோக்ராமையும் மறுபடி கம்பைல் பண்ணி, ஒவ்வொண்ணா ஏத்தி ஓட்டிப் பாக்க நேரம் இருக்கும். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது, அவங்க போய்க்கிட்டுத்தான் இருப்பாக, அதனால அவங்க பெட்டியில பழைய லிப்கடல்1 அப்படியே கெடக்கட்டும், லிப்கடல்2 பக்கத்துல உக்காரட்டும். உடைக்கிற மாத்தம் நாலஞ்சு மனசுல இருந்தா சேத்து வச்சு ஒரே சோநேம்ல விடுங்க, மாசத்துக்கு ஒண்ணுன்னு மாத்துனா உங்க லைப்ரரிய யாரும் தொட மாட்டாக.

ரெண்டும் பக்கத்துல இருக்குறப்ப, எந்தெந்த லைப்ரரி உள்ள வருதுன்னு காட்டுற எல்டிடி போட்டு ஒவ்வொரு ப்ரோக்ராமையும் பாருங்க. ஒரே ப்ரோக்ராமுக்குள்ள எஸ்ஓ.1ம் எஸ்ஓ.2ம் சேந்து வந்தா, அதாவது ப்ரோக்ராம் 2வையும் அது இழுக்குற மேப் ப்ளகின் 1ஐயும் கேட்டா, ரெண்டுலயும் ஒரே பேருல ஃபங்ஷன் இருக்கும், மொதல்ல கெடச்சதுதான் எல்லாருக்கும் போகும், அப்புறம் நைஜீரியா கதைதான். ப்ளகினையும் சேத்து கம்பைல் பண்ணாம அந்தப் பெட்டிய படகுல ஏத்தாதீங்க. லிங்கர் வெர்ஷன் ஸ்கிரிப்ட் போட்டு ரெண்டு லைப்ரரியிலயும் சிம்பலுக்கு வேற வேற வெர்ஷன் ஒட்டியிருந்தா இந்த மோதல் வராது, சோநேம மொத தடவ மாத்துறப்பவே அதையும் சேத்துருங்க.

அப்புறம், தேவையில்லாத பேக்கேஜ தானே தூக்குற ஏப்ட் ஆட்டோரிமூவ் கமாண்ட். /யூஎஸ்ஆர்/லோக்கல் உள்ள கையால போட்ட ப்ரோக்ராம் லிப்கடல்1 கேக்குதுன்னு பேக்கேஜ் கணக்கு வச்சிருக்குற டிபிகேஜிக்குத் தெரியாது, யாரும் யூஸ் பண்ணலைன்னு நெனச்சு அது பழைய லைப்ரரிய தூக்கிரும், நேத்து வரைக்கும் ஓடுனது இன்னைக்கு காலையில ஓடாது. லிப்கடல்2 போடுறதுக்கு முன்னாடியே ஏப்ட்-மார்க் மேனுவல் லிப்கடல்1னு ஒரு தடவ குடுத்து வச்சிருங்க. எல்லாப் பெட்டியிலயும் ரீட்எல்ஃப் ஓட்டிப் பாத்து, லிப்கடல்.எஸ்ஓ.1 கேக்குற ப்ரோக்ராம் ஒண்ணு கூட இல்லன்னு ஆனதுக்கு அப்புறம் கையால எடுத்துக்கலாம்.